எதில் பாதி?

"பாதின்னா, எதுல பாதிக்கா?"

அவன் குதர்க்கமாகக் கேட்கவில்லை. மங்களூர் அலைச்சறுக்குப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தான். முட்டி ஜவ்வு அறுவை முடிந்து எட்டாம் மாதம். ஒற்றைக்கால் தாண்டலில் இரண்டு காலும் ஏறக்குறைய சமம். தொடைத்தசை பலம் மட்டும் நாங்கள் எதிர்பார்க்கும் அளவை, அதாவது நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தை, தொடவில்லை. எல்லா ஃபிசியோவும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: ஒன்பது மாதம் ஆகட்டும், அதுவரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது என்று 2016இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது.

அதற்குத்தான் அந்தக் கேள்வி.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் 106 பேர். கால்பந்து, ஹேண்ட்பால் மாதிரி ஓடித் திரும்பும் ஆட்டக்காரர்கள். அலைச்சறுக்கில் தரையே ஓடுகிறது; பலகையின் பின்காலை அழுத்தித் திருப்பும்போது முட்டி உள்பக்கம் மடியும் அந்த நொடிக்கு என் அறையில் பரிசோதனை கிடையாது. இதை அவனிடமும் சொன்னேன். உடனே ஹவாய் அலைச்சறுக்கு வீரர் ஜான் ஜான் ஃப்ளாரன்ஸை இழுத்தான். 2019இல் பிரேசிலில் ஜவ்வு கிழிந்து, அறுவை முடித்து, அதே டிசம்பரில் ஹவாயின் பைப்லைன் அலையில் போட்டிக்கு இறங்கி ஒலிம்பிக் இடத்தைப் பிடிக்கவில்லையா? பிடித்தார். 2021இல் மறுபடி முட்டி போனதையும் நான் சொன்னேன். "2024ல மூணாவது தடவையா உலக சாம்பியன் ஆனாரேக்கா," என்றான். இரண்டு பேருக்கும் வேண்டிய ஆதாரம் ஒரே மனிதரிடம் இருந்தது.

கடைசியில் நான் சொன்னது: "முடிவு உன்னோடது தம்பி. போகாதன்னு தடுக்க மாட்டேன். போன்னும் சொல்ல மாட்டேன்."

"அப்ப சரிக்கா" என்று கிளம்பிவிட்டான்.

அது மரியாதையா, நழுவலா என்று பலமுறை யோசித்துவிட்டேன். வளர்ந்த பையன், அவன் உடம்பு. ஒரு சீசன் விட்டால் தரவரிசை போகும்; பலகை கொடுப்பவர்கள் அடுத்தவனைப் பார்ப்பார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ரமேஷ் புதிஹால் அலைச்சறுக்கில் ஆசிய வெண்கலம் வாங்கியதிலிருந்து இந்தக் கரையில் எந்தப் பையனும் சும்மா உட்காரத் தயாரில்லை. இதெல்லாம் தெரிந்தவள் எப்படித் தடுப்பேன்? ஆனால் தெரிந்தவள்தானே தடுக்கவும் வேண்டும்? ஒரு முடிவைச் சொல்லத்தானே என்னிடம் வருகிறார்கள். எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவதற்கு நான் எதற்கு, போன் போதுமே.

போனான். முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆரம்பச் சுற்றிலேயே தோற்றான். வந்த அலைகளில் சின்னதாகப் பார்த்து எடுத்திருக்கிறான். சிறந்த இரண்டு அலைகளின் மதிப்பெண்தான் கணக்கு என்னும்போது பத்திரமாகச் சறுக்கி யார் ஜெயிப்பது? "பின்கால அழுத்துற நேரத்துல உங்க பாதிக் கணக்கு காதுல ஓடுச்சுக்கா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முட்டி பிழைத்ததால் என் எச்சரிக்கை சரியா? எச்சரித்ததால்தான் தோற்றானா? ஒரு மாதம் பொறுத்துப் போயிருந்தாலும் தோற்றிருக்கலாம். எதிரில் நல்ல ஆட்கள். பயத்தை அளக்க எங்களிடம் கேள்வித்தாள் உண்டு, அதில் நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருந்தான். அதை நிரப்பிய பிறகுதான் நான் அந்த எண்ணைச் சொன்னேன் என்பது இப்போது உறுத்துகிறது. சொல்லாமல் விட்டு, முட்டி போயிருந்தால்? அப்போது எழுதும் கட்டுரை வேறாக இருக்கும். ஆக, சொன்னது சரிதான் என்று தோன்றும். அடுத்த நிமிடமே அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்.

அடுத்த சீசனுக்குத் தயாராகிறான். பலம் 90ஐத் தாண்டிவிட்டது, தாராளமாக இறங்கலாம் என்று இந்த முறை நானே சொன்னேன். "எத்தனை சதவீதம்க்கா?" என்றான். சொல்லவில்லை. போன வாரம் கபடி ஆடும் ஒரு பெண் அதே ஜவ்வு அறுவையோடு வந்து அதே கேள்வியைக் கேட்டாள். அவளுக்கு ஒன்பது மாதம், பாதி எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.