மீதிச் சில்லறை வாங்காத கௌபாய்

பழைய அமெரிக்க கௌபாய் தொடர்களில் ஹீரோ சலூன் என்கிற மதுக்கடைக்குள் வருவார், விஸ்கி குடிப்பார், ஒரு காசைச் சுண்டிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். விலை கேட்பதில்லை, மீதி வாங்குவதில்லை. அவ்வளவு வசதியா சாமி?

1870-களில் கௌபாய்க்கு, அதாவது மாடு ஓட்டிப் போகிறவனுக்கு, மாதச் சம்பளம் சுமார் 30, 40 டாலர். 1873-ல் வந்த பிரபலமான கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வர் ஏறக்குறைய 17 டாலர், அதாவது அரை மாதச் சம்பளம். தொடரிலோ அதை அலட்சியமாக ஆற்றில் வீசுகிறார்கள். சில்லறைத் திருடன் தலைக்கும் ஆயிரக்கணக்கில் பரிசு வேறு. நிஜத்தில் 1881-ல் மிசௌரி ஆளுநர் 5,000 டாலர் அறிவித்தது ஜெஸ்ஸி ஜேம்ஸ் மாதிரி பெரிய கொள்ளைக்காரனுக்கு. கௌபாய்க்கு அது பத்து வருஷச் சம்பளத்துக்கும் மேல்!

20 வருஷம் ஓடிய 'கன்ஸ்மோக்' தொடரின் கதை நடக்கும் டாட்ஜ் சிட்டியில், நிஜத்தில் அந்தக் காலத்தில் ஊருக்குள் துப்பாக்கியோடு திரியவே தடை இருந்தது. (அதை அப்படியே காட்டினால் வாராவாரம் யாரைச் சுடுவது?)

அப்புறம் அந்தச் சட்டைகள். மாசக்கணக்கில் மாட்டுக்குப் பின்னால் புழுதி தின்றவன் சட்டையில் இஸ்திரி மடிப்பு எப்படிய்யா கலையாமல் இருக்கு?