கிருஷ்ணகிரியில் இறங்கி நடந்தால்

பெங்களூருக்குப் போகிறவர்களைக் கேட்டால் கிருஷ்ணகிரி என்பது ஒரு டோல்கேட், ஒரு டீ, அவ்வளவுதான். தருமபுரிக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. தொப்பூர் கணவாய் ஏறும்போது கண் அசந்தவர்கள் ஓசூர் வந்துதான் விழிக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் அப்படித்தான் தூங்கிக்கொண்டு போனேன். மாங்கூழ் ஆலைகளில் தரச் சோதனை செய்யும் வேலை வந்தபிறகுதான் இந்த இரண்டு ஊர்களிலும் இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள ஆலைகளில் ராப்பகலாக வேலை நடக்கும். வாசலில் மாங்காய் லோடு ஏற்றிய டிராக்டர்களும் மினி லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலும் இங்கே பெங்களூரா என்று சொல்கிற தோத்தாபுரிதான். கழுவி, பழுக்க வைத்து, கொட்டை எடுத்து, கூழாக்கி, சூடுபடுத்தி, கிருமி நீக்கிய பைகளில் நிரப்பி இரும்பு டிரம்மில் அடைப்பார்கள். ஒரு சொட்டுக் கூழைக் கருவியின் கண்ணாடியில் வைத்து பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்ப்பது என் வேலை. தோத்தாபுரிக்கு 14, அல்போன்சாவுக்கு 16 வந்தால்தான் வாங்குகிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள். சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அடுத்த பேட்ச் எப்போது வரும் என்று காத்திருப்பதுதான் மணிக்கணக்கில் இழுக்கும். ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் தோலும் கொட்டையும் புளித்து வீசும் வாடையை எவ்வளவு நேரம்தான் தாங்குவது? அதனால் அதிகாலையிலும் சாயங்காலத்திலும் கிடைத்த நேரத்தை நடையில் கழித்தேன். நன்றாக இருந்த இடங்களுக்கு அப்புறம் வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அலுவலகச் செலவில் வெள்ளோட்டம் பார்த்துக்கொள்கிறாய் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். உண்மைதான்.

முதலில் சையத் பாஷா மலை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கே நின்றாலும் தலைக்கு மேல் தெரிகிற பாறை மலை, உச்சியில் கோட்டை. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று லாட்ஜ் மேனேஜர் எச்சரித்ததால் விடியும்போதே கிளம்பினேன். படிகளில் பாதி அடுக்கி வைத்த கல், மீதி பாறையிலேயே வெட்டியது. வெட்டிய படிகளின் நடுப்பகுதி காலடி பட்டுப் பட்டு வழவழவென்று பள்ளமாகியிருக்கிறது. ஓரமாகக் கால் வைத்து ஏறினால் பிடிமானம் கிடைக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது மேலே தர்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர். தோளில் துண்டு, கையில் ஊதுபத்திக் கட்டு. வயது எழுபதுக்குக் குறையாது. நான் மூச்சு வாங்க நின்ற இடத்தில் அவர் நிற்கக்கூட இல்லை. "ஒத்தையிலயா வந்தீங்க? சுனையாண்ட பாசி புடிச்சிருக்கும், பாத்துப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

பாதி வழியில் கோட்டைச் சுவர் குறுக்கே வரும். அங்கிருந்து கீழே பார்த்தபோதுதான் இதை ஏன் பிடிக்க முடியாமல் போனது என்று புரிந்தது. 1791 நவம்பரில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலத் தளபதி கீழே பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டார். அதே வேகத்தில் மேல்கோட்டைக்கும் ஏறப் பார்த்தார்கள். திப்புவின் ஆட்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்கள். இந்தச் சரிவில் நின்று பார்த்தால் பீரங்கியே தேவையில்லை என்று தோன்றும். இரண்டு பேர் சேர்ந்து நெம்பினால் உருளக்கூடிய கற்கள் இன்னமும் அங்கங்கே கிடக்கின்றன. அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது இந்த மலையும் சேர்ந்தே போனது.

மேலே பாறைக்குழியில் தேங்கிய சுனைகள், இடிந்த கட்டடங்கள், தர்கா. ஒரு பக்கம் சென்னை சாலை, இன்னொரு பக்கம் சேலம் சாலை, நடுவில் மாந்தோப்புகள். இந்த நிலத்தைத்தான் அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் 1792-லிருந்து ஏழு வருடம் அளந்து, உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் முறையை உருவாக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் ரயத்துவாரி என்று மனப்பாடம் செய்தது இங்கிருந்து புறப்பட்ட சமாச்சாரம் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டு மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்தது. இறங்கிவிட்டேன்.

இந்த மலைக்கு வீட்டு ஆட்களைக் கூட்டிப் போகவில்லை, கூட்டிப் போகும் எண்ணமும் இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி. மகள் ஏறிவிடுவாள், ஆனால் படி ஓரத்தில் கைப்பிடி இல்லாத இடங்களில் அவளைப் பிடித்துக்கொண்டே ஏறினால் எனக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. சில இடங்கள் தனியாகப் போகத்தான் லாயக்கு.

நேர்மாறானது ஒகேனக்கல். வேலைக்கு வந்த ஒரு ஓய்வு நாளில் தனியாகப் பஸ் பிடித்துப் போனேன். கூட்டம், மீன் வாடை, எண்ணெய்க் குளியலுக்கு வாங்க என்று கூப்பிடும் குரல்கள். பத்து நிமிடம் தொங்குபாலத்தில் நின்று அருவியைப் பார்த்தேன், அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதே இடம் குடும்பத்தோடு போனபோது வேறு ஊராக இருந்தது.

இதற்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். வினாடிக்கு இத்தனை கன அடி என்று நாளிதழிலும் செய்தியிலும் தினமும் வரும். வரத்து கூடினால் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். அதைப் பார்க்காமல் வந்து, கோத்திக்கல் பரிசல் துறையில் பூட்டின கேட்டைப் பார்த்துத் திரும்புகிற குடும்பங்களை மழைக்காலத்தில் எப்போதும் காணலாம். நாங்கள் போனது தண்ணீர் தணிந்திருந்த குளிர்காலம்.

பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் மலைப்பாதை இறங்கத் தொடங்கும். யானை குறுக்கிடும் பகுதி என்ற பலகையைப் பார்த்ததிலிருந்து மகள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. யானை வரவில்லை. குரங்குகள் வந்தன, அத்தை மடியில் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பு போனது.

எல்லாரும் ஒரே பரிசலில் ஏற விடமாட்டார்கள் என்பதால் இரண்டாகப் பிரிந்தோம். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். மாமா அதை மாட்டிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி நின்ற படம்தான் இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவின் முகப்பு. மூங்கில் பிளாச்சில் பின்னி, அடியில் தண்ணீர் புகாத விரிப்பு கட்டியிருக்கும் பரிசலில் உட்காருவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓரத்தில் குத்துக்காலிட்டு, எதிரெதிராக எடை சமமாக இருக்கும்படி உட்கார வேண்டும். பரிசல்காரர் ஒரே துடுப்பால் இடம் வலம் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு போகிறார். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். மேலே அருவி விழும் சத்தத்தில் பேசுவது கேட்காது. மணல்திட்டுக்கு முன்னால் ஒரு இடத்தில் துடுப்பை ஊன்றி ஒரு சுழற்று சுழற்றினார் பாருங்கள், அத்தை "போதும் சாமி, போதும்" என்று கும்பிட, மகள் "இன்னொரு தடவை அண்ணா" என்று கத்த, அவர் மகள் பக்கம் சாய்ந்துவிட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒகேனக்கல்லுக்கு ஈடில்லை. மீன் கடையில் கட்லாவோ கெளுத்தியோ வாங்கி, அங்கே விறகடுப்பு வைத்துச் சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்துவிட வேண்டும். குழம்பு எவ்வளவு, வறுவல் எவ்வளவு, காரம் தூக்கலா மட்டா, களியா சோறா என்று கேட்டுக்கொள்வார்கள். நாம் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் தயாராகிவிடும். எங்களுக்குச் சமைத்த அக்கா புளிக்கரைசலை ஊற்றியபிறகு அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்து, வெறும் தணலில் குழம்பைச் சுண்டவிட்டார். மாமா கேழ்வரகுக் களியை விரலால் குழித்து, அந்தக் குழியில் குழம்பை வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு அவர் அருவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மீனைப் பற்றித்தான் பேச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரியில் நான் தங்கும் லாட்ஜ் குழாயில் வருவதும் இதே காவிரிதான். இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறையோடு இருக்கும் நடுத்தர வயதுக்காரர்களை ஆலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவிக்கு இருக்கும் பெண் தன் அம்மாவின் பல்லையும் தன் தம்பியின் பல்லையும் ஒப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னாள். அருவியைவிட அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

தருமபுரி ஊருக்குள் நடக்க வேண்டும் என்றால் கோட்டைக் கோயிலும் அகழ்வைப்பகமும் போதும். கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சன்னதியின் அடிப்பீடத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும், நின்றபடி சுற்றி வருபவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தில் தரையைத் தொடாத தூண்கள் உண்டு. மாமா சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து ஒரு தூணுக்கு அடியில் விட்டு மறுபக்கம் உருவினார். அப்புறம் அவர் பர்சில் இருந்த எல்லா டிக்கெட்டுக்கும் அந்த யோகம் அடித்தது.

அகழ்வைப்பகத்தில் பார்க்க வேண்டியவை நடுகற்கள். இந்த வட்டாரம் முழுக்க ஆநிரை கவர்ந்த சண்டையிலும் ஊர் காத்த சண்டையிலும் இறந்தவர்களுக்கு நட்ட கற்கள். வீரன் ஒரு கையில் வில்லோ கேடயமோ, மறு கையில் வாளோடு பாயும் நிலையில் இருப்பான். மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் எந்த அரசன் ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் என்று இருக்கும். காலடியில் சில கற்களில் கெண்டியும் சிமிழும் தெரியும். ராஜாக்களின் பெயரைவிட, மாடு மீட்கப் போய்ச் செத்த ஒரு சாதாரண ஆளின் பெயர் ஆயிரத்துச் சொச்சம் வருடமாகக் கல்லில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. மகளுக்கு இதெல்லாம் ஏறவில்லை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் எசமானோடு சேர்ந்து சண்டை போட்ட கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் நிமிர்ந்தாள். அன்று முழுக்க ஒவ்வொரு கல்லிலும் நாயைத் தேடினாள்.

வயல் வரப்புகளில் இதே மாதிரிக் கற்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஆலைக்குப் பக்கத்தில் ஒரு புளிய மரத்தடியில் அப்படி ஒன்று இருக்கிறது. இரவு ஷிஃப்டுக்கு வரும் டிரைவர் ஒருவர் அங்கே வண்டியை நிறுத்தி, இறங்காமல் ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் இருந்தால் போச்சம்பள்ளிச் சந்தையைத் தவறவிடாதீர்கள். ஆடு, கோழி, தானியம், மண்வெட்டி, துணி, கருவாடு என்று எல்லாம் ஒரே மைதானத்தில். மண்டைக்கு மேல் வெயில் வருவதற்கு முன்னால் போய்விடுங்கள். அத்தை அங்கே வருடத்துக்கான புளியை வாங்கினார். கோயம்புத்தூரில் கிடைக்காத புளியா என்று கேட்ட என் வீட்டுக்காரரைத்தான் அந்த மூட்டையைக் கார் வரைக்கும் தூக்கி வரச் சொன்னார். கேஆர்பி என்று சொல்கிற கிருஷ்ணகிரி அணைக்கும் போனோம். பூங்காவில் ஊஞ்சல், மீன் வறுவல், கூட்டம். சாயங்காலத்துக்குப் பரவாயில்லை.

வருகிறவர்களுக்கு வழியைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையிலிருந்து தருமபுரிக்கு ரயில் இருக்கிறது, வந்தே பாரத்தும் நிற்கிறது. கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது என்றால் ஊரில் இளையவர்களே நம்புவதில்லை. பஞ்ச காலத்துக்கு உதவும் என்று திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் குறுகிய பாதை போட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். ஆகவே தருமபுரியில் இறங்கிப் பஸ் பிடிப்பதுதான் சுலபம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

அடுத்து மல்லசந்திரம் கல்திட்டைகள். சூளகிரிப் பக்கம் பாறை மேட்டில், நான்கு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒன்றை மூடி, ஒரு பக்கக் கல்லில் வட்டமாகத் துளையிட்ட பெருங்கற்காலச் சின்னங்கள். படங்களைப் பார்த்ததிலிருந்து மாமா நச்சரிக்கிறார். பாறையில் எவ்வளவு தூரம் ஏற வேண்டும், அத்தையால் முடியுமா, கார் எதுவரை போகும் என்பதையெல்லாம் ஜூனில் வேலைக்குப் போகும்போது நடந்து பார்த்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.