கானிலிருந்து தாங்கிக்கு, ஏரியில் ஒரு துளியும் விழாமல்

ஒன்ராறியோவின் ஸ்ரேர்ஜன் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சொந்த இறங்குதுறையில், படகின் தாங்கியை பெற்றோல் கானிலிருந்து நிரப்பி முடித்த பின்னர் தண்ணீரில் வானவில் நிறப் படலம் சிறிதும் பரவாமல் இருப்பதை இந்தக் கோடையில்தான் முதன்முறையாகக் கண்டேன். பக்கவாட்டில் விரித்து வைத்திருந்த வெள்ளை உறிஞ்சு துணியும் உலர்ந்தே இருந்தது. துறையில் நின்று பெற்றோல் நிரப்பும் நண்பர்களுக்கு இது எவ்வளவு பிடிவாதமான வேலை என்பது தெரியும் என்பதால், எது கைகொடுத்தது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

பெற்றோல் சிந்துவது பெரும்பாலும் நிரப்பு வாயில் அல்ல, காற்றுப் போக்கியில்தான். எங்கள் படகில் நிரப்பு குழாய் அகலமானது, தாங்கியிலிருந்து காற்று வெளியேறும் குழாயோ அதில் பாதி அகலம்கூட இல்லாதது. பெற்றோல் வேகமாக இறங்கும்போது அதே அளவு காற்று அந்தச் சிறு குழாய் வழியே வெளியேற வேண்டும்; அந்தக் குழாய் எங்காவது தொய்ந்து, தொய்வில் சிறிது பெற்றோல் தேங்கியிருந்தால், காற்று வழியின்றி நிரப்பு வாய்க்கே திரும்பி வந்து நுரையோடு பீறிடுகிறது. தாங்கி நிரம்பும் தறுவாயில் அந்த நுரை காற்றுப் போக்கி வழியாகவே தள்ளப்பட்டு, படகின் பக்கச் சுவரில் வழிந்து நேரே ஏரியில் விழுகிறது. ஆகவே மெதுவாக ஊற்றுவதும், நிரம்புவதற்கு முன்பே நிறுத்துவதுமே இந்த வேலையின் உயிர்நாடி.

இப்போது கான்களோடு வரும், தானே மூடிக்கொள்ளும் மூக்குகளைப் பற்றி எனக்குக் கடும் அதிருப்தி உண்டு. ஆவி வெளியேறாமல் தடுக்க வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. ஆனால் இருபது லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ பதினைந்து கிலோ எடை. அந்த எடையை அசையும் படகின் விளிம்புக்கு மேலே கையில் ஏந்தியபடி, வில்லுச் சுருளை அழுத்திப் பிடித்து, மூக்கை நிரப்பு வாயில் நேராக நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே அல்ல. புனலும் உதவவில்லை, ஏனெனில் பெற்றோல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது புனலில் நம் கையில் இல்லை.

தீர்வாக அமைந்தது, முனையில் செப்புக் குமிழும் அதனுள் கண்ணாடிக் குண்டும் உள்ள, குலுக்கினால் ஓடத் தொடங்கும் வடிகுழாய். அதை அப்படியே பயன்படுத்தினால் ஒரு குறை இருக்கிறது: ஓடத் தொடங்கிய பெற்றோலை நிறுத்த வேண்டுமானால் கானுக்குள் இருக்கும் முனையைத் தூக்க வேண்டும், தூக்கும்போது ஈரக் குழாய் துறை முழுவதும் சொட்டும். ஆகவே வெளியேறும் முனையில், பெற்றோலுக்குத் தாங்கக்கூடிய, கால் சுற்றில் மூடும் பித்தளை வால்வு ஒன்றைப் பொருத்தினேன். கை அந்த வால்வை விட்டு அகலவே கூடாது. பலகைத் துறையின் மேல், கானின் அடிப்பாகம் படகின் நிரப்பு வாயைவிட உயரமாக நிற்கும்படி அகலமான கால்களுடைய ஒரு மேசையைச் செய்து ஆணியடித்து இறுக்கியிருக்கிறேன். உயர வேறுபாடே ஓட்டத்தின் விசை என்பதால், கான் வெறுமையாக வெறுமையாக ஓட்டம் தானாகவே தளர்கிறது. நமக்குத் தேவையானதும் அதுவே. வால்வுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு உலோகக் குழாய் ஒன்றையும் சேர்த்து, அதை நிரப்பு வாய்க்குள் ஆழமாக இறக்கியதும் நுரை மிகவும் குறைந்துவிட்டது.

அந்த உலோகத் துண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெற்றோல் பிளாஸ்டிக் குழாயினுள் ஓடும்போது நிலைமின்னூட்டம் சேர்கிறது, ஆவி தீப்பற்ற ஒரு சிறு பொறி போதும். ஆகவே மின்னூட்டத்தைக் கடத்தும் வகைக் குழாயை வாங்கி, உலோக முனை நிரப்பு வாயின் எஃகு விளிம்பைத் தொட்டபடியே இருக்குமாறு பிடிக்கிறேன். அந்த விளிம்பு எங்கள் படகில் தாங்கியோடு கம்பியால் இணைக்கப்பட்டுள்ளது. இதே காரணத்தால், எரிபொருள் நிலையத்தில் கானை வாகனத்தின் பின்புறத்தில் வைத்து நிரப்பவே கூடாது; தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு நான் எரிபொருள் மானியை நம்புவதில்லை. எங்கள் தாங்கி 110 லீற்றர் கொள்ளும். ஓடிய மணிநேரத்தைக் கொண்டு மீதியைக் கணித்து, மொத்தம் 100 லீற்றரைத் தாண்டாதபடி கான்களை எண்ணியே ஊற்றுகிறேன். ஏரியில் அலை எழுப்பும் படகுகள் வரும் முன்னர், காலைக் குளிர்ச்சியில் நிரப்புவது வசதி. ஆனால் மதிய வெயிலில் பெற்றோல் 15 பாகை சூடேறினால் 100 லீற்றர் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் விரிவடையும் என்பதை மறக்கலாகாது. விளிம்புவரை நிரப்பிய தாங்கி, ஆளில்லாத நேரத்தில் காற்றுப் போக்கி வழியே அந்த ஒன்றரை லீற்றரை ஏரியில் விட்டுவிடும்.

பித்தளை வால்வும் கடத்தும் குழாயும் லின்ட்சேயில் விவசாயக் கருவிகள் விற்கும் கடையில், படகுச் சாமான் கடைகளைவிட மலிவாகக் கிடைத்தன. டிராக்டருக்கு டீசல் ஊற்றுபவர்களுக்கும் இதே தேவை இருப்பதால் அங்கே தெரிவும் அதிகம். வால்வின் உள் வளையங்கள் எத்தனால் கலந்த பெற்றோலுக்குத் தாங்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். எண்ணெயை மட்டும் உறிஞ்சித் தண்ணீரை விடும் வெள்ளைத் துணிகளையும் அங்கேயே வாங்கினேன். படலம் தெரிந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றுபவர்களை ஏரிக்கரையில் இன்னும் பார்க்கிறேன். அது பெற்றோலை அகற்றுவதில்லை, சிதறடித்துத் தண்ணீருக்குள் கலந்து மீன்களுக்குக் கூடுதல் கேடு செய்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவையே: நிரப்பும்போது எல்லோரும் கரையில், கதவுகளும் மூடிகளும் சாத்தியபடி, முடிந்ததும் எல்லாவற்றையும் திறந்து, எஞ்சினைத் தொடுமுன் எஞ்சின் அறையின் ஆவியை வெளியேற்றும் காற்றூதி குறைந்தது நான்கு நிமிடம் ஓட வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் படகின் அடியில் போய்த் தங்கும். நான்கு நிமிடம் ஓடிய பின்னரும் அடிப்பகுதியை முகர்ந்து பார்த்த பின்பே சாவியைத் திருப்புகிறேன்.

ஓகஸ்டில் பொப்கேஜனில், படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறக்கும் மடையைக் கடந்து பிஜன் ஏரிக்கும், அங்கிருந்து பக்ஹோர்ன் வரைக்கும் போக எண்ணியிருக்கிறோம். 386 கிலோமீற்றர் நீளும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் அது ஒரு சிறு துண்டுதான்; ஆயினும் போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, சேமிப்பில் ஒரு பங்கு என்ற கணக்கில் எங்கள் 100 லீற்றர் போதுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னர் காற்றுப் போக்கிக் குழாயின் தொய்வை எடுத்து, பெற்றோலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சிறு வால்வு ஒன்றை அதில் இணைக்க வேண்டும். வால்வு வந்துவிட்டது; குழாயின் விட்டத்துக்குப் பொருந்தும் இரட்டைக் கவ்விகளுக்காகக் காத்திருக்கிறேன்.