ஜூலைக் குளிரில் எழ மறுக்கும் கம்ப்யூட்டர்: பவர் சப்ளை முடிந்தது, போர்டு பாக்கி

ஜோகன்னஸ்பர்க்கில் ஜூலை என்றால் குளிர்காலம்; அந்தக் குளிரில் எழ மறுத்த என் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை பக்கம் ஒருவழியாகத் தீர்ந்தது. காலையில் பட்டனை அழுத்தினால் முதல் தடவையிலேயே ஃபேன் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. மதர்போர்டில் இன்னும் இரண்டு கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி உருளைகள், கழற்ற வராமல் அடம்பிடிக்கின்றன. பாதி பெருமை, பாதி புலம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் பழசு. ஜி31 போர்டு, கோர் 2 டுயோ, டிடிஆர்2 ராம், எக்ஸ்பி. "தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு" என்று சொல்லப் போகிறவர்களுக்கு: சிப்பில் புரோகிராம் எழுதும் என் ஈப்ராம் புரோகிராமர் பேரலல் போர்ட்டில்தான் ஓடும், யுஎஸ்பி மாற்றி போட்டால் அசையாது. தவிர, யுனிகோடுக்கு முந்தைய திஸ்கி காலத்து எழுத்துருவில் அடித்துவைத்த கோப்புகள் ஏகப்பட்டது அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன. அதனால் இது போகாது.

நோய் என்னவென்றால், காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும், மறுபடி அழுத்தினால் ஒரு சுற்று, இன்னும் சில தடவை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், சில நாள் ஃபேன் ஓடும் ஆனால் பீப்பும் வராது படமும் வராது. ஒருமுறை எழுந்துவிட்டால் ராத்திரி வரை ஒரு குறையும் இல்லை, ரீஸ்டார்ட் எத்தனை தடவை கொடுத்தாலும் சரியாக வரும். ராமைக் கழற்றி மாட்டுவது, போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியை மாற்றுவது, பட்டன் ஒயரைக் கழற்றி பின்னை நேரடியாகத் தொடுவது எல்லாம் முடித்தாயிற்று.

துப்பு கிடைத்தது சுவர் சுவிட்சில். ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், கோடையில் இங்கே சாயங்கால இடி மின்னல் எப்படி என்று. போதாததற்கு 2023ல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, ஆறாம் நிலைக்கெல்லாம் போய், ஒவ்வொரு தடவை கரண்ட் திரும்பும்போதும் ஒரு குதி குதித்து வந்ததில், படுக்கப் போகுமுன் சுவரில் அணைத்துவிடும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அணைக்க மறந்து படுத்தேன். மறுநாள் காலை முதல் அழுத்தலில் எழுந்தது. திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான்: சுவரில் போட்டே விட்டால் எழும், அணைத்தால் எழாது. அப்படியென்றால் கோளாறு பவர் சப்ளையின் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டில்தான். அது மட்டும்தான் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருப்பது, ஓடுகிற சூட்டில் தன்னைத் தானே கதகதப்பாக வைத்துக்கொள்வதும் அதுதான்.

இன்னொன்று, என் அறை தெற்குப் பார்த்தது. ஊரில் தெற்குப் பார்த்த வீடென்றால் காற்று வரும் என்பார்கள், இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் தெற்கு அறைக்கு ஜூலை முழுக்க வெயிலே கிடையாது. வெளியே 4 டிகிரிக்கு இறங்கும், வீட்டில் ஹீட்டிங் என்று ஒன்றும் கிடையாது, தரை டைல்ஸ். எலெக்ட்ரோலைட் கெப்பாசிட்டருக்கு வயதாகி உள்ளே காய ஆரம்பித்தால் குளிரில் அதன் உள்தடை, அதாவது ஈஎஸ்ஆர், கன்னாபின்னாவென்று ஏறும். சூடானால் இறங்கும்.

ஸ்டாண்ட்பை 5 வோல்ட் வரும் ஊதா ஒயரில் மீட்டர் வைத்தேன். பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் கணக்குப்படி அதில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். குளிர்ந்த காலையில் 4.3 காட்டி, கண் முன்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து ஏறுகிறது. மீட்டரை ஏசி ரேஞ்சுக்குத் திருப்பினால் நல்ல சப்ளையில் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும், இதில் கால் வோல்ட். 5 வோல்ட் லைனில் அனுமதிக்கப்பட்ட ரிப்பிள், அதாவது மேலும் கீழும் ஆடும் ஆட்டம், 50 மில்லிவோல்ட்தான், அதுவும் உச்சிக்கு உச்சி. சாம்பல் ஒயர், அதாவது வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் பவர் குட் சிக்னல், எழாத நேரத்தில் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை.

அடுத்தது ஹேர் டிரையர். பவர் சப்ளையின் பின்பக்க ஓட்டை வழியாக மிதமான சூட்டில் காற்று விட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, அதுக்கும் தலைக்கு ஊத்தி விட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஊதி முடித்து அழுத்தினேன், முதல் தடவையிலேயே எழுந்தது. அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

பவர் சப்ளையைத் திறப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாகும்போது பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள். குற்றவாளி ஸ்டாண்ட்பை வெளியீட்டில் இருந்த 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட். தலை உப்பவில்லை, கசிவில்லை, பார்க்கப் புதுசு மாதிரி. கழற்றி டெஸ்டரில் மாட்டினால் 210 மைக்ரோஃபாரட், ஈஎஸ்ஆர் பல ஓம். டெஸ்டரில் இருக்கும்போதே ஹேர் டிரையரைக் காட்டினேன், ஈஎஸ்ஆர் எண் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வந்தது. ஹேர் டிரையரை எடுத்தால் மறுபடி ஏறுகிறது. இதை வைத்துக்கொண்டு வெகுநேரம் விளையாடினேன். உப்பியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது என்று எவ்வளவு சொன்னாலும் நண்பர்கள் கேட்பதில்லை, இனி இதை எடுத்த வீடியோவைக் காட்டுவேன்.

கெப்பாசிட்டர் வாங்கிய கதை தனி. இங்கே ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியில் ஒரு கடையில் 105 டிகிரி சூடு தாங்கும், லோ ஈஎஸ்ஆர் ரகம் என்று தெளிவாகக் கேட்டேன், 85 டிகிரி சாதாரண ரகத்தை எடுத்து நீட்டி "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். ஒன்றில்லை ஐயா. வெளிநாட்டில் ஆர்டர் போட்டால் சரக்கு அசல், ஆனால் கூரியர் கட்டணமும் 15 சதவீத வாட் வரியும் சேர்ந்து கெப்பாசிட்டர் விலையையே சிரிப்பாக்கிவிடும். அதனால் ஆர்டர் போட்டால் மொத்தமாகப் போட்டுவிடுவது. 8 மில்லிமீட்டர் உடம்புக்குக் கால் இடைவெளி 3.5, 10 மில்லிமீட்டருக்கு 5. இதைப் பார்க்காமல் வாங்கினால் போர்டில் கோணலாக நிற்கும்.

இப்போது போர்டுக்கு வருகிறேன். சப்ளை சரியான பிறகும் சில காலையில் ஃபேன் ஓடி பீப் வராத கேஸ் மட்டும் மிச்சம் இருந்தது. பிராசசர் பக்கத்தில் வரிசையாக ஐந்து கெப்பாசிட்டர், அதில் ஒன்றின் தலை லேசாக உப்பல். ஐந்தையும் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வந்தன. இரண்டு வரவில்லை.

சிக்கல் மைனஸ் காலில். அது போர்டுக்குள் இருக்கும் கிரவுண்டு செம்புத் தகட்டோடு சேர்ந்தது. நீங்கள் கொடுக்கிற சூட்டையெல்லாம் அந்தத் தகடு இழுத்து போர்டு முழுக்கப் பரப்பிவிடும். அதோடு ஈயமில்லாத சால்டர், அது உருகவே 217 டிகிரி வேண்டும். என் 40 வாட் சால்டரிங் அயர்னின் கூர்முனை வைத்து அழுத்தினால் மேலே மட்டும் பளபளக்கிறது, அடியில் கல். அவசரப்பட்டு இழுத்தால் ஓட்டையின் உட்சுவரோடு பிய்ந்து வரும், அப்புறம் போர்டு குப்பைக்கு. மூன்றும் வந்த முறை இது: முதலில் 63/37 ஈயக் கம்பியைத் தாராளமாகச் சேர்த்து, பழைய சால்டரோடு கலக்க விட வேண்டும். ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகும், கலந்தால் மொத்தத்துக்கும் உருகுநிலை இறங்கும். அப்புறம் மேல்பக்கத்திலிருந்து ஹேர் டிரையரை விட்டு போர்டையே சூடாக்கிக்கொண்டு, ஒரு காலை உருக்கி கெப்பாசிட்டரை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்து, மறு காலை உருக்கி இந்தப் பக்கம் சாய்த்து, பால் பல் ஆட்டுவதுபோல ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஓட்டை அடைத்துக்கொள்ளும். சால்டரை உறிஞ்சும் பம்ப் அங்கே எடுபடாது. ஒரு பக்கம் அயர்னை வைத்து மறுபக்கம் ஸ்டெயின்லெஸ் ஊசியை நுழைத்துத் திருகினால் வழி விடும், சால்டர் அதில் ஒட்டாது.

மிச்ச இரண்டும் வரிசையின் கடைசி, ஹீட்சிங்க் மாட்டும் துளைக்குப் பக்கத்தில், அங்கே செம்பு இன்னும் அகலம். அதற்கு அகலமான உளி முனையும் 80 வாட்டும் இல்லாமல் தொடப் போவதில்லை. மாட்டும்போது போட்டோ பார்த்து மாட்டுங்கள், போர்டில் கெப்பாசிட்டருக்கு அச்சிட்ட வட்டத்தில் சில போர்டுகளில் மை பூசிய பாதி மைனஸ், சிலவற்றில் பிளஸ். இந்த வறண்ட குளிரில் கதவைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது, ஆகவே ராமைத் தொடுமுன் வேறு ஏதாவது எர்த்தைத் தொட்டுவிடுங்கள்.

இதற்குள் மலிவாக ஒரு சின்ன ஆஸிலோஸ்கோப் பார்த்து வைத்திருக்கிறேன், ரிப்பிளை மீட்டரின் ஏசி ரேஞ்சில் ஊகிப்பது அலுத்துவிட்டது. சாக்கெட்டில் கோர் 2 குவாட் போடும் யோசனையும் இருக்கிறது, அதற்கு இந்த ஐந்தும் புதுசாக இருந்தாக வேண்டும்.

மூன்று மாற்றியதிலேயே பீப் வராத காலைகள் நன்றாகக் குறைந்துவிட்டன, மிகக் குளிர்ந்த நாளில் மட்டும் வம்பு செய்கிறது. அடியிலிருந்து போர்டைச் சூடாக்கும் பிரீஹீட்டரை ரொட்டி டோஸ்டரில் செய்தவர்கள் யாராவது இருந்தால், டோஸ்டருக்கும் போர்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.