கருப்புத் தாளில் வரைந்த பேட்மேன்

போன வாரம் முழுக்க ராத்திரி தூங்கப் போவதற்கு முன்னால் ஒன்று, இரண்டு எபிசோட் என்று 1992-ல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரைத் திரும்பவும் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் டைட்டில் காட்சியை மட்டும் தள்ளிவிட மனசு வருவதில்லை. ஒரு நிமிஷம்தான் ஓடும். வார்னர் பிரதர்ஸ் முத்திரை கரைந்து ஒரு போலீஸ் ஆகாயக் கப்பலாக மாறுகிறது, அதன் விளக்கு கீழே நகரத்தைத் துழாவுகிறது, ஒரு பேங்க் வெடிக்கிறது, இரண்டு திருடர்கள் மொட்டை மாடிகள் வழியாக ஓடுகிறார்கள், அவர்களுக்கு முன்னால் ஒரு நிழல் வந்து இறங்குகிறது. கருப்பு உருவத்தில் கண் இருக்கிற இடத்தில் இரண்டு வெள்ளைக் கீறல்கள். அந்தக் கீறல்கள் சுருங்கும்போதே சண்டை முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடும். கடைசியில் ஒரு மின்னல், உச்சிக் கட்டடத்தில் அவன் நிற்கிறான், அவ்வளவுதான். தொடரின் பெயரை எங்கேயும் எழுத்தில் போடவில்லை. போட வேண்டிய அவசியமே இல்லை என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பார்க்கிற குழந்தைக்குப் புரியும் என்ற இந்த நம்பிக்கைதான் எனக்கு இந்தத் தொடரில் ரொம்பப் பிடித்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

1989-ல் வந்த பேட்மேன் சினிமா பெரிய வெற்றி பெற்றது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு அனிமேஷன் தொடர் செய்யலாம் என்று வார்னரின் அனிமேஷன் பிரிவுத் தலைவர் ஜீன் மக்கர்டி முடிவு செய்தார். அப்போது அங்கே டைனி டூன் தொடரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த புரூஸ் டிம் சில பேட்மேன் உருவங்களை வரைந்து காட்டினார், எரிக் ராடோம்ஸ்கி பேட்மேன் வாழும் காத்தம் நகரத்தை வண்ணத்தில் தீட்டிக் காட்டினார். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு சின்னப் படம் செய்து காட்டச் சொன்னார்கள், சுமார் இரண்டு நிமிஷம். அது பிடித்துப்போக, முழுத் தொடரையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அதுவரைக்கும் இரண்டு பேருமே எந்தத் தொடரையும் பொறுப்பெடுத்து நடத்தியவர்கள் கிடையாது. ஆலன் பர்னெட்டும் பால் டீனியும் கதைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். 1992 செப்டம்பர் 5-ஆம் தேதி ஃபாக்ஸ் கிட்ஸில் ஒளிபரப்பு தொடங்கியது, 1995 வரை மொத்தம் 85 எபிசோட்.

கார்ட்டூன் பின்னணிகளைப் பொதுவாக வெள்ளைத் தாளில்தான் வரைவார்கள். வானம், சுவர், தெரு என்று நிறம் ஏற்றிக்கொண்டே போய், இருட்டு வேண்டிய இடத்தில் கருப்பைப் பூசுவார்கள். ராடோம்ஸ்கி தாளையே கருப்பாக எடுத்துக்கொண்டார். இருட்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, ஓவியர் வரைய வேண்டியது வெளிச்சத்தை மட்டும்: ஒரு ஜன்னல், தெருவிளக்குக்குக் கீழே ஒரு வட்டம், கோபுரத்தின் ஒரு பக்க விளிம்பு. மிச்சத்தை நம் கண் தானாகவே நிரப்பிக்கொள்ளும். ஏதாவது ஒரு எபிசோடை நடுவில் நிறுத்தி, ஆள் இல்லாத ஒரு கட்டடத்தை மட்டும் பாருங்கள், திரையில் பாதிக்கு மேல் ஒன்றுமே வரைந்திருக்க மாட்டார்கள். ஆனால் நகரம் முழுசாக இருக்கும். இந்தப் பாணிக்கு அவர்களே டார்க் டெக்கோ என்று பெயர் வைத்தார்கள். 1940-களில் ஃப்ளைஷர் ஸ்டுடியோ செய்த சூப்பர்மேன் குறும்படங்களின் பாதிப்பு இதில் நிறையவே உண்டு. ஆண்கள் தொப்பி போட்டிருப்பார்கள், டிவி கருப்பு வெள்ளையில் ஓடும், ஆனால் பேட்மேனின் குகையில் பெரிய கம்ப்யூட்டர் இருக்கும். எந்த வருஷம் என்று சொல்லவே முடியாது, அதனால்தான் இன்றைக்குப் பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

புரூஸ் டிம் வரைந்த உருவங்களிலும் கோடுகள் ரொம்பக் குறைவு. சதுரத் தாடை, பெரிய தோள், நீளமான அங்கி. காரணம் அழகு மட்டும் இல்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் இருந்த பல ஸ்டுடியோக்கள்தான் இதை அசைத்துக் கொடுத்தன, கோடு குறைந்தால் அசைப்பது சுலபம், உருவம் கெடாது. அப்படியும் தரம் ஏறி இறங்கத்தான் செய்தது. டோக்கியோ மூவி ஷின்ஷா செய்த எபிசோடுகள் தனியாகத் தெரியும். கிளேஃபேஸ் என்ற வில்லன் கதையின் இரண்டாம் பாகத்தில், நடிகனாக இருந்தவன் தான் நடித்த வேஷங்களையெல்லாம் ஒரே நேரத்தில் பல திரைகளில் பார்க்க, உடம்பு அவன் பேச்சைக் கேட்காமல் ஒவ்வொரு வேஷமாக மாறிக்கொண்டே போகும். கையால் வரைந்த காட்சி இது. பார்க்கவே கஷ்டமாக இருக்கும், கண்ணை எடுக்கவும் முடியாது.

சரி, குரலுக்கு வருவோம். குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ, முடிந்தவரைக்கும் நடிகர்களை ஒரே அறையில் உட்கார வைத்து நாடகம் மாதிரி பேச வைத்துத்தான் பதிவு செய்தார். பேட்மேனாகப் பேசிய கெவின் கான்ராய் ஜூலியார்ட் நடிப்புப் பள்ளியில் படித்த மேடை நடிகர், அனிமேஷனுக்குக் குரல் கொடுத்து அவருக்குப் பழக்கமே இல்லை. அவர்தான் முகமூடி இல்லாதபோது பேட்மேன் இருக்கும் புரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல் என்று பிரித்துப் பேசினார். கவனித்துக் கேட்டால் இன்னொன்றும் தெரியும்: பேட்மேன் குரல்தான் அவனுடைய உண்மையான குரல், புரூஸின் கலகலப்பான குரல்தான் வேஷம். பட்லர் ஆல்ஃப்ரெடோடு தனியாக இருக்கும்போது எந்தக் குரலில் பேசுகிறான் என்று பாருங்கள். பேட்மேனின் பரம எதிரி ஜோக்கராக முதலில் டிம் கர்ரியைத்தான் போட்டிருந்தார்கள், அப்புறம் அந்த இடத்துக்கு மார்க் ஹாமில் வந்தார். ஹாமிலின் சிரிப்பு ஒரே சிரிப்பு கிடையாது. கோபத்துக்கு ஒன்று, அலுப்புக்கு ஒன்று, நிஜமாகவே சிரிப்பு வந்தால் அதற்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். இசையும் அதே மாதிரி கவனத்தோடு செய்ததுதான். டைட்டில் இசை டேனி எல்ஃப்மேனுடையது, உள்ளே ஷெர்லி வாக்கரும் அவருடைய குழுவும் எபிசோடுக்கு எபிசோட் புது இசை எழுதி ஆர்கெஸ்ட்ராவை வைத்து வாசித்தார்கள். சாயங்காலம் குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூனுக்கு அப்படிச் செலவு செய்தார்கள் என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஒரே ஒரு எபிசோட் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' தான் சொல்வேன். பால் டீனி எழுத, புரூஸ் டிம் இயக்கியது, எழுத்துக்கு எம்மி என்ற அமெரிக்க டிவி விருதும் வாங்கியது. மிஸ்டர் ஃப்ரீஸ் அதுவரைக்கும் காமிக்ஸில் பனித் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு சாதாரண வில்லன். டீனி அவனுக்கு நோரா என்ற மனைவியைக் கொடுத்தார். தீராத நோய், மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளை உறைய வைத்துக் காப்பாற்ற முயன்ற விஞ்ஞானி, பணம் போதும் என்று நடுவில் வந்து நிறுத்தும் முதலாளி. இந்த முன்கதை அப்புறம் காமிக்ஸுக்கும் போய், அந்தப் பாத்திரத்தின் நிரந்தரக் கதையாகவே ஆகிவிட்டது. மைக்கேல் அன்சாரா அவனுக்கு உணர்ச்சியே இல்லாத குரலில் பேசுவார். கடைசியில் சிறையில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடி உருண்டைக்குள் சுற்றும் சின்ன நாட்டியப் பெண் பொம்மையைப் பார்த்து மன்னிப்புக் கேட்பான், அப்போது அந்தக் குரல் லேசாக விரிசல் விடும். இதில் இன்னொரு விஷயம், அவனை வீழ்த்துவது எந்த ஆயுதமும் இல்லை. புரூஸுக்கு அன்றைக்கு ஜலதோஷம், ஆல்ஃப்ரெட் ஒரு ஃப்ளாஸ்க்கில் சூடாகச் சிக்கன் சூப் கொடுத்து அனுப்பியிருப்பார். அந்தச் சூடு பட்டுத்தான் ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசம் உடையும். ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த அக்கறையால் ஜெயிக்கிற கதையில், அக்கறை காட்ட யாரும் மிச்சமில்லாத ஒருவன் தோற்கிறான். இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது.

குழந்தைகள் நிகழ்ச்சி என்பதால் காட்டக் கூடாதது நிறைய இருந்தது. சாவைக் காட்டக் கூடாது, ரத்தம் கூடாது. 'ராபின்ஸ் ரெக்கனிங்' எபிசோடில் பேட்மேனின் துணைவன் ராபினின் அப்பா அம்மா சர்க்கஸ் கூடாரத்தில் விழுந்து இறக்க வேண்டும். எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? ஊஞ்சல் திரைக்கு வெளியே போகிறது, திரும்பி வரும்போது அறுந்த கயிறு மட்டும் வருகிறது. அந்தச் சின்னப் பையனின் முகம். அவ்வளவுதான். விழுவதைக் காட்டியிருந்தால்கூட இத்தனை வருஷம் மனசில் நின்றிருக்காது. அந்த எபிசோடுக்கு 1993-ல் பிரைம்டைம் எம்மி கிடைத்தது.

ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் அவள் முதலில் வந்த எபிசோடில் அவள் கதாநாயகி இல்லை. 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' சார்லி காலின்ஸ் என்ற சாதாரண மனிதனின் கதை. ஆபீஸில் மோசமான நாள், வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது முன்னால் போகிறவனைக் கோபத்தில் திட்டிவிடுகிறான், அது ஜோக்கர். உயிரோடு விட்டுவிடுகிறேன், ஆனால் நான் கூப்பிடும்போது ஒரு உதவி செய்ய வேண்டும் என்கிறான் ஜோக்கர். சார்லி பேரை மாற்றி, ஊரை மாற்றி ஒளிந்து வாழ்ந்தும், இரண்டு வருஷம் கழித்துப் போன் வருகிறது. கேட்கிற உதவி என்ன? ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மனிதனின் வாழ்க்கையை இதற்காகக் குலைத்தானே என்று பார்க்கும்போதே ஜோக்கர் மேல் பயம் வரும், பெரிய குண்டுகளையெல்லாம் விட இது பயங்கரம். இந்தக் கதையில் கூட வருகிற அடியாளாக ஒரு பெண் இருக்கட்டும் என்று டீனி எழுதிய பாத்திரம்தான் ஹார்லி. அவருடைய சிநேகிதி ஆர்லீன் சோர்க்கின் ஒரு டிவி சீரியலில் கோமாளி உடையில் வந்ததைப் பார்த்து யோசனை வந்தது, குரலும் அவரே கொடுத்தார். ஒரு எபிசோடோடு போக வேண்டியவள் நிலைத்துவிட்டாள், காமிக்ஸுக்குப் போனாள், 2016-ல் சினிமாவுக்கும் வந்தாள். கார்ட்டூனில் பிறந்து காமிக்ஸுக்குப் போனவர்களில் போலீஸ் அதிகாரி ரெனே மோன்டோயாவும் உண்டு, அவளைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

எல்லா எபிசோடும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகள் பேட்மேனைத் தங்கள் வீட்டு நிலவறையில் ஒளித்து வைக்கும் எபிசோட் என்னால் முழுசாகப் பார்க்க முடியாத ஒன்று. 1997-ல் உருவங்களை இன்னும் எளிமையாக்கித் திரும்பக் கொண்டுவந்தபோது ஜோக்கரின் கண்ணைக் கருப்புப் புள்ளியாக மாற்றிவிட்டார்கள், அதுவும் எனக்கு ஏற்கவில்லை. ஆனால் இந்த ஒரு தொடரிலிருந்து கிளம்பியவற்றைப் பாருங்கள்: 1993 கிறிஸ்துமஸ் அன்று தியேட்டருக்கு வந்த 'மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டாஸம்', 1996-ல் சூப்பர்மேன், 1999-ல் 'பேட்மேன் பியாண்ட்', அப்புறம் 2006 வரை ஓடிய ஜஸ்டிஸ் லீக் தொடர்கள். எல்லாம் ஒரே உலகம், ஒரே தொடர்ச்சி. 2009-ல் 'ஆர்க்கம் அசைலம்' வீடியோ கேம் வந்தபோது எழுதியது பால் டீனி, பேசியது கான்ராயும் ஹாமிலும்.

கான்ராய் 2022 நவம்பர் 10-ஆம் தேதி போய்விட்டார், 66 வயது. அந்த வருஷம்தான் அவர் தன் வாழ்க்கையை ஒரு சின்னக் காமிக்ஸாக எழுதியிருந்தார். தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்பதை மறைத்து, முகமூடியோடு வாழ்ந்த காலத்தைப் பற்றியும், குரல் தேர்வில் புரூஸ் வெய்னின் இரட்டை வாழ்க்கையைக் கேட்டதும் அந்தக் குரல் தனக்குள் எங்கிருந்து வந்தது என்பது பற்றியும். அதைப் படித்துவிட்டுத் தொடரைத் திரும்பப் பார்த்தால் ஆல்ஃப்ரெடோடு பேசும் காட்சிகள் வேறு மாதிரி கேட்கின்றன.

அவர் ஒரு ஆவணப்படத்தில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு, மீட்பு வேலையில் இருந்த போலீஸ்காரர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் சமைத்துப் போடும் இடத்தில் அவர் தொண்டு வேலை பார்த்தார். சமையலறையில் இருக்கிறவர்தான் பேட்மேன் என்று வெளியே சாப்பிட வந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது, நம்பாமல் பேசிக் காட்டச் சொன்னார்கள். அவர் உள்ளே நின்றபடியே, முதல் சில எபிசோடுகளில் ஒன்றில் அப்பாவின் ஆவி தன்னைப் பழிப்பதாகக் கண்டு நடுங்கும் பேட்மேன் தன்னைத் திரட்டிக்கொண்டு நான் யார் என்று சொல்வானே, அந்த வசனத்தைப் பேசினார். வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சத்தமாகச் சிரித்தது சமையலறைக்குள் அவருக்குக் கேட்டது.