கடுப்பு: எங்கே, எப்படி?

நெடுநேரம் நின்றால் கால் கடுக்கும். வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு, வயிறு கெட்டால் வயிற்றுக்கடுப்பு. உடம்பில் இருந்த இந்தக் கடுப்புதான் மனசுக்கும் ஏறியது.

‘எனக்குக் கடுப்பா இருக்கு’ என்றால் நிலைமை மட்டும். யார் மேலும் பழி இல்லை. ‘கடுப்பாயிட்டேன்’ என்றால் பொறுமை போய்விட்டது. ‘கடுப்பேத்தாதே’ என்பதில் எதிராளி வேண்டுமென்றே செய்கிறான் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்: தெரியாமல் செய்தவனிடம் இதைச் சொன்னால் சண்டை நிச்சயம். ‘கடுப்படிக்குது’ மின்வெட்டுக்கும் பொருந்தும், நகராத வரிசைக்கும் பொருந்தும். கோபத்துக்குப் பெரும்பாலும் ஓர் ஆள் வேண்டும், கடுப்புக்கு வேண்டாம்.

மாமனார், மேலதிகாரி முன்னால் இந்தச் சொல் கொஞ்சம் மரியாதைக் குறைவு. அங்கே ‘எரிச்சலா இருக்கு’ போதும், அதையும் மெதுவாக.