த்ராஷ் டோன் தேடிய பத்து வாரங்கள்

த்ராஷ் மெட்டல் என்னும் வேகமான, கனமான ராக் இசையின் கிட்டார் ஒலியை (டோன்) வீட்டிலேயே உருவாக்க முயன்றேன். முதல் வாரத்தில் பதிந்த கோப்பை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கெய்ன் 9, பேஸ் 8, மிட் 1, ட்ரெபிள் 8 என்று அதன் பெயரிலேயே குறித்திருக்கிறேன். கெய்ன் கூடக் கூட சத்தம் கரகரக்கும்; மற்ற மூன்றும் தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளின் அளவு. தனியாக வாசித்தபோது அறையே அதிர்ந்தது. டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் சேர்த்துப் போட்டதும் கிட்டார் எங்கே போனது என்றே தெரியவில்லை. மேலே ஓர் இரைச்சல், கீழே ஓர் உறுமல், நடுவில் ஒன்றுமே இல்லை. த்ராஷ் என்றால் மிட்டை வெட்டி எறிய வேண்டும் என்று எங்கெங்கோ கேட்டு நம்பியிருந்தேன். அது பாதி உண்மைதான் என்று புரிய நாலைந்து வாரம் ஆனது.

பிடித்த டோன்கள் நிறைய இருந்தாலும் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்', மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', ஆந்த்ராக்ஸின் 'அமங் த லிவிங்'. முதல் இரண்டும் 1986, மூன்றாவது 1987. கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்த ஒரே வகை இசை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நொடி கேட்டால் போதும், எது எது என்று சொல்லிவிடலாம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

என்னிடம் இருப்பது ஹம்பக்கர் பிக்கப் போட்ட ஒரு கிட்டார், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினியில் சில ஆம்ப் மாடல்கள் (கிட்டார் ஆம்ப்ளிஃபையர் போலவே ஒலிக்கும் மென்பொருள்), ஸ்பீக்கர் கேபினெட்டுக்குப் பதிலாக அதன் ஒலித்தன்மையைப் பதிந்து வைத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்புகள். 100 வாட் வால்வ் ஆம்பை வீட்டுக்குள் முழுச் சத்தத்தில் திறக்க முடியாது. நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருள் இந்த வேலையைத் தாராளமாகச் செய்கிறது.

ஸ்லேயரில் தொடங்கினேன். ரிக் ரூபின் தயாரித்து ஆண்டி வாலஸ் ஒலிப்பதிவு செய்த அந்த ஆல்பம் மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஸ்லேயர் ஆல்பத்தில் ஊறிக் கிடந்த எதிரொலி இதில் அநேகமாக இல்லை. கிட்டார் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) நின்றால் சட்டென்று நிற்கிறது, பின்னால் வால் எதுவும் இழுபடுவதில்லை. இதற்கு மார்ஷல் ஜேசிஎம்800 மாடலை எடுத்தேன். 1981இல் வந்த ஆம்ப், இன்றைய ஆம்ப்களோடு ஒப்பிட்டால் கெய்ன் குறைவு. ஸ்லேயரின் கிட்டாரிஸ்ட் கெர்ரி கிங் அதற்கு முன்னால் ஈக்யூ பெடல் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வைத்துத் தள்ளுவார். நானும் ஒரு ஈக்யூவை முன்னால் வைத்து, மிட்டைத் தூக்கி, ஆம்பின் கெய்னை 9இலிருந்து 6க்கு இறக்கினேன். எனக்குச் சப்பென்று பட்டது. தனியாகக் கேட்டால் மெலிந்த, கொஞ்சம் எரிச்சலூட்டும் டோன். டிரம்ஸோடு சேர்த்ததும் அப்படியே உயிர் வந்தது! வேகமான ரிஃபில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. கெய்ன் கூடும்போது எல்லாத் தட்டும் ஒரே உயரத்துக்கு நசுங்கிவிடுகின்றன. மென்மையாக அடித்ததற்கும் ஓங்கி அடித்ததற்கும் வித்தியாசம் போய்விடுகிறது. அந்த வித்தியாசம் போனால் ஸ்லேயரின் ரிஃபில் இருக்கும் வெறியும் போய்விடும்.

அப்புறம் மெட்டாலிக்கா. நான்கு வாரம் இதிலேயே போனது, வருத்தமில்லை. என் காதுக்கு ரிதம் கிட்டாரில் இதைவிட அழகான சத்தம் இன்றுவரை பதிவாகவில்லை. கோபன்ஹேகனில் தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்முசனோடு பதிந்த ஆல்பம். அந்த டோனுக்கு அடிப்படை மெசா பூகி மார்க் டூ சி ப்ளஸ் ஆம்ப். அதன் மாடலை முதல்முறை திறந்தபோது ஒன்றுமே சரியாக வரவில்லை. மற்ற ஆம்ப்களில் வைப்பதுபோல் பேஸை 6இல் வைத்தேன். பாம் மியூட் செய்தால் (உள்ளங்கையால் கம்பியை லேசாக அடக்கி அடித்தால்) ஈரத் துணியைச் சுவரில் அடிப்பதுபோல் 'சொத்' என்று விழுந்தது.

காரணம் அந்த ஆம்பின் உள்ளமைப்பில் இருக்கிறது. பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் டிஸ்டார்ஷன் (சத்தம் நொறுங்கிக் கரகரப்பது) உண்டாகும் கட்டத்துக்கு முன்னால் இருக்கின்றன. ஐந்து பட்டை கிராஃபிக் ஈக்யூ அதற்குப் பின்னால் வருகிறது. முன்னால் பேஸைக் கூட்டினால் அந்த பேஸும் சேர்ந்து நொறுங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் கீழ் ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். அதன் மேல் பவர் கார்டில் (இரண்டு சுரங்களைச் சேர்த்து அடிப்பது) சேரும் ஐந்தாம் சுரம் சுமார் 123 ஹெர்ட்ஸ். இரண்டும் டிஸ்டார்ஷனுக்குள் ஒன்றாகப் போனால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமாகிய 41 ஹெர்ட்ஸும் புதிதாக முளைக்கிறது, கீழ் ஈ-க்கும் ஓர் ஆக்டேவ் (பாதி அதிர்வெண்) கீழே. அது கிட்டாருக்கு வேண்டாத சகதி. அதனால் குமிழில் பேஸை 1க்கும் மிட்டை 2க்கும் இறக்கி, ட்ரெபிளை 7க்கு மேல் ஏற்றினேன். உள்ளே போவது மெலிந்த, இறுக்கமான சத்தம். நொறுங்கிய பிறகு பின்னால் இருக்கும் கிராஃபிக் ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸைத் தூக்கி, 750ஐ இறக்கி, 2200ஐயும் 6600ஐயும் மறுபடி தூக்கினேன். எல்லோரும் சொல்லும் அந்த 'வி' வடிவம் இதுதான்.

அப்போதுதான் முதல் வாரத் தவறு புரிந்தது. மிட்டை வெட்டுவதில் பிழையில்லை, எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸைக் குறை, பின்னால் வேண்டிய அளவு சேர். இதைச் செய்த இரவில் ஒரே பவர் கார்டைப் பாம் மியூட் செய்து ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். நெஞ்சில் இடித்தது, ஆனால் குழப்பம் இல்லை.

மார்ஷல் மாடலுக்குத் திரும்பிப் போய், முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் வைத்தபோதும் இதே கதைதான். அதில் டிரைவைப் பூஜ்யத்திலும் லெவலை முழுசாகவும் வைப்பார்கள். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அந்தப் பெடல் தரும் கெய்ன் குறைகிறது. அந்தப் பச்சைப் பெடல் செய்வதும் பூகியின் பேஸ் குமிழ் செய்வதும் அடிப்படையில் ஒரே வேலை.

இவ்வளவும் சரியாக வைத்த பிறகும் பதிவில் ஏதோ குறைந்தது. அது என் வலது கை. 0.73 மில்லிமீட்டர் பிக்கை (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) 1.14க்கு மாற்றியதும் தட்டின் முனை கூர்மையானது, ஏனென்றால் தடித்த பிக் வளையாமல் கம்பியைத் தள்ளுகிறது. பாம் மியூட்டில் உள்ளங்கையை பிரிட்ஜுக்கு (கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மேல் எவ்வளவு தூரம் நகர்த்துகிறோம் என்பது எந்தக் குமிழையும்விடப் பெரிய மாற்றம் தருகிறது. ரொம்ப அழுத்தினால் கம்பி இழுபட்டு சுருதியே கொஞ்சம் ஏறிவிடுகிறது. முழுக்க டவுன்பிக்கிங்கில் (கீழ்நோக்கி மட்டும்) அடிப்பது இன்னொரு தவம். மெட்ரோனோமை (தாளக் கருவி) நிமிடத்துக்கு 150 துடிப்பில் வைத்து, துடிப்புக்கு இரண்டு என எட்டாம் சுரங்களாகத் தொடங்கினேன். பத்தாவது வாரத்தில் 184 வரை ஒரு நிமிடம் தாங்குகிறது. அதற்கு மேல் முன்கை இறுகிவிடுகிறது, அப்போது நிறுத்திவிடுகிறேன். மேலும் கீழும் மாற்றி அடித்தால் வேகம் எளிதாக வரும், ஆனால் டோன் மாறிவிடும். மேல்நோக்கிய தட்டு என் கையில் எப்போதும் மெலிந்துதான் வருகிறது.

அகலம் வேண்டும் என்று ஒரே ட்ராக்கை நகலெடுத்து, சில மில்லிசெகண்ட் தள்ளி, இடமும் வலமுமாக வைத்துப் பார்த்தேன். ஹெட்ஃபோனில் அகலமாகத்தான் இருந்தது. மோனோவில் (இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி) கேட்டால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. ஒரே ரிஃபை இரண்டு முறை வாசித்துத்தான் ஆக வேண்டும். மெட்டாலிக்காவின் அந்த ஆல்பத்தில் ரிதம் அடுக்குகள் எல்லாம் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ஒரே கைதான் என்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. இரண்டு முறையும் ஒரே இடத்தில் விழும் கை அது. இன்னொன்றும் கண்டேன். இரண்டு ட்ராக்கின் டிஸ்டார்ஷனும் சேர்ந்தே கேட்பதால், ஒவ்வொன்றிலும் கெய்னை இன்னும் ஒரு படி குறைக்கலாம்.

ஆந்த்ராக்ஸுக்கு மூன்று நாள்தான் ஆனது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு வேலை செய்த எடி கிராமர் கை வைத்த ஆல்பம், ஆனாலும் கிட்டார் எலும்பு மாதிரி உலர்ந்திருக்கிறது. ஸ்லேயருக்கு வைத்த மார்ஷல் அமைப்பில் மேல் ட்ரெபிளைக் கொஞ்சம் தணித்தால் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆந்த்ராக்ஸின் கிட்டாரிஸ்ட் ஸ்காட் இயனின் வெட்டி வெட்டி நிறுத்தும் ரிதம் மட்டும் வரவில்லை. இரண்டு தட்டுக்கு நடுவில் இடது கை கம்பியை முழுதாக அடக்க வேண்டும், அதில் நான் இன்னும் பின்தங்கியிருக்கிறேன்.

பத்தாவது வாரப் பதிவில் இரண்டு கிட்டார், டிரம்ஸ், பேஸ் கிட்டார் எல்லாம் இருக்கின்றன. பேஸ் கிட்டாரை அணைத்துவிட்டுக் கேட்டேன், கிட்டாரின் கனத்தில் பாதி போய்விட்டது. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் கிட்டாரின் கனம் என்று இத்தனை வருடம் நான் ரசித்ததில் பெரும்பங்கு பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டனுடையது. மெட்டாலிக்காவின் 1988இல் வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸ் கிட்டார் அநேகமாகக் கேட்காது. அங்கே கிட்டார் அத்தனை வறண்டு, கூர்மையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. அடுத்து அதைத்தான் எடுக்கப் போகிறேன். பூகி மாடலில் 750 பட்டையை இன்னும் கீழே இறக்கி வைத்தாயிற்று, பேஸ் கிட்டார் ட்ராக் அணைந்திருக்கிறது, மெட்ரோனோம் 160இல் ஓடுகிறது.